தாகமே எடுக்காத சரோஜாதேவி

அத்தியாயம் 11

வாழைத்தண்டுச் சாற்றை டம்ளர் நிறைய எடுத்துக்கொண்டு நல்லசிவம் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“குடிச்சிரு தாயீ. மிச்சம் வைக்கக் கூடாது.”

சரோஜாதேவி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். உஸ்மான் ரோட்டில் அவருடைய ஜவுளிக்கடைக்கு வருகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்தால் நம்பமாட்டார்கள். அங்கே அவர் கல்லாவிலிருந்து நிமிர்ந்தாலே சிப்பந்திகளுக்கு உதறல் எடுக்கும். அப்படிப்பட்ட மனுஷர் மருமகளுக்காக வாழைத்தண்டை நார் சுற்றி நறுக்கக் கற்றுக்கொண்டிருந்தார். மனைவி உயிரோடு இருந்த காலத்தில் அவர் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்ததுகூடக் கிடையாது.

எல்லாம் போன மாதம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்ததிலிருந்துதான். சிறுநீரகத்தில் கல் என்றார் டாக்டர். தண்ணீர் நிறையக் குடிக்கிற வழக்கம் உண்டா என்று கேட்டார். கட்டிலில் கிடந்தவள் வாயைத் திறப்பதற்குள் நல்லசிவம் முந்திக்கொண்டார்.

“எங்க வீட்டுல தண்ணிக்கு என்ன டாக்டர் பஞ்சம்? நல்லாக் குடிப்பா.”

சரோஜாதேவி கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் வேறு கேள்விக்குப் போய்விட்டார்.

அந்தக் கவலை கொஞ்சம் ஆறுவதற்குள், சென்ற வாரம் வீட்டுக்கு இரண்டு சேதிகள் ஒரே நாளில் வந்து சேர்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒன்று, பல்கலைக்கழக நூலகத்தில் சரோஜாதேவிக்கு உதவி நூலகராகப் பதவி உயர்வு. நல்லசிவம் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். இரண்டாவது, அவர் மகள் தங்கபுஷ்பம் பி.காம் தேறியது. அதற்கும் மைசூர்பாகு உண்டு. ஆனால் அந்தப் பெண், பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு மாப்பிள்ளைக்குக் காத்திருக்க இஷ்டமில்லை, நம் கடையிலேயே புடவைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மைசூர்பாகு அவர் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அன்றைக்கும் இட்லித் தட்டுக்கு முன்னால் அதே பேச்சுதான்.

“மதினி மட்டும் ஆபீஸுக்குப் போகலாம். நான் சொந்தக் கடைக்குப் போகக் கூடாதாக்கும்” என்றாள் தங்கபுஷ்பம்.

“ஏளா, கடையில பூரா ஆம்பளைப் பயலுவ. ஒரு பொம்பளைப் பிள்ளை காலையில இருந்து பொழுது அடையுத வரைக்கும் நிக்கதுக்கு அங்ஙன என்ன வசதி இருக்கு?”

“மதினி ஆபீஸ்ல மட்டும் இருக்கோ?”

“அது எம்மாம் பெரிய கட்டடம். அங்ஙன எல்லாம் இருக்கும்.”

அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் சரோஜாதேவியைப் பார்த்தார்கள். அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, கண்முன்னே ஆணியில் தொங்கிய குடையை வீடெல்லாம் தேடினாள்.

*

அடையாற்றுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் மனசு ஜன்னலில் இல்லை.

‘எல்லாம் இருக்கும்’ என்று மாமனார் சொன்ன அந்தப் பெரிய கட்டடத்தில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கிடையாது. கீழ்த்தளத்தில் ஆண்களுக்கு வரிசையாக நாலு. மாடியில் அதிகாரிகளுக்கென்று பூட்டுப் போட்ட ஒரு அறை. கட்டடம் கட்டியவர்கள் இங்கே பெண்கள் வேலைக்கு வருவார்கள் என்று கனவு கண்டிருக்கவில்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் சரோஜாதேவி வந்து சேர்கிற வரை யாரும் வரவுமில்லை.

முதலில் கொஞ்ச நாள் பக்கத்து மாணவியர் விடுதியில் ஒரு வார்டனம்மா இருந்தார். போய் வர விட்டார். அவர் மாற்றலாகிப் போனதும், வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று விடுதி வாசலில் பலகை வந்துவிட்டது.

அன்றிலிருந்து சரோஜாதேவி ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையில் அரை டம்ளர் காபி. அதன் பிறகு வீடு திரும்புகிற வரை ஒரு வாய் தண்ணீர் கிடையாது. சித்திரை வெயிலில் அத்தனை பேரும் வராந்தாவில் இருக்கிற மண்பானைக்கு நடையாய் நடப்பார்கள். அவள் மட்டும் நாற்காலியை விட்டு அசையமாட்டாள். ‘நம்ம மேடத்துக்குத் தாகமே எடுக்காது’ என்று கடைநிலை ஊழியர்கள் புதிதாக வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார்கள். ஒரு மனுஷிக்கு எப்படித் தாகம் எடுக்காமல் இருக்கும் என்று ஒருத்தருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமோ?

வீட்டில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். கணவன் சண்முகசுந்தரத்திடம் ஒரு தடவை ஜாடையாகச் சொல்லத்தான் செய்தாள். “அவ்வளவு கஷ்டம்னா வேலைய விட்டுரு” என்றான், நிஜமான அக்கறையோடு. அதற்கப்புறம் அவள் சொல்லவில்லை. இப்போது அவன் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தான். மாமனாரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பேசுவது?

நூலகத்தில் அவளுடைய மேஜைமேல் ஒரு முழம் மல்லிகையும் ஒரு பித்தளைச் சாவியும் இருந்தன. தொலைந்துபோகாமல் இருக்க, சாவியோடு ஒரு மரக்கட்டையும் கோத்திருந்தது. பக்கத்தில் கண்காணிப்பாளர் சாரநாதன் முகம் நிறையச் சிரிப்போடு நின்றுகொண்டிருந்தார்.

“மல்லிப்பூ எங்காத்துல கொடுத்தனுப்பினா. சாவி ஆபீஸ் கொடுக்கிறது. மாடியில ஆபீஸர்ஸ் ரூம். இனிமே நீங்களும் ஆபீஸர்தானே?”

மயிலாப்பூர்க்காரரான சாரநாதன் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தவர். தன் மகள் கல்யாணப் புடவை முழுக்க நல்லசிவத்தின் கடையில்தான் எடுத்தார். நல்லவர்களிடம் ஒரு சங்கடம் உண்டு. அவர்கள் பேச்சை மறுத்துப் பேச நாக்கு எழாது.

மூன்று மணிக்குக் கமிட்டி கூடுகிறது என்று அவர் நினைவூட்டினார். பாஞ்சாலி, ஜஹனாரா என்ற இரண்டு பெண்களின் தற்காலிக வேலை இந்த வாரத்தோடு முடிகிறது. நிரந்தரம் செய்வதா, அனுப்பிவிடுவதா என்று இன்றைக்கு முடிவாகும். பெண்களுக்கு வசதி இல்லாததால் பட்டியலில் அடுத்து இருக்கிற ஆண்களை எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்.

“நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வசதி இல்லைங்கறது வாஸ்தவம்தான்னு. பொம்மனாட்டியான நீங்களே சொல்லிட்டா நூலகரும் பேச மாட்டார்.”

அவள் மையமாகத் தலையாட்டினாள். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார்.

*

நூலகர் பதவிக்கு இந்த வருஷம்தான் புதியவர் வந்திருந்தார். வந்த மறுநாளே வாசகர் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே எல்லா வீட்டுப் பிள்ளைகளும் படிக்க வருகிறார்கள், புத்தகம் கொடுக்கிற கவுண்டருக்கு உள்பக்கம் மட்டும் ஏன் ஒரே மாதிரி ஆட்களாக இருக்கிறார்கள் என்று கேட்டார். அவர் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு எழுதி வரவழைத்தவர்கள்தான் பாஞ்சாலியும் ஜஹனாராவும்.

பாஞ்சாலி ஊரூர்க் குப்பத்துப் பெண். அந்தக் குப்பத்தில் முதல் பட்டதாரி. குரல் கொஞ்சம் ஓங்கித்தான் இருக்கும். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியது. நூலகத்தின் நிசப்தம் அவளால் தினம் இரண்டு முறையாவது உடையும். ஜஹனாரா கச்சேரி ரோட்டிலிருந்து வருகிறவள். வாசல் வரை புர்கா, உள்ளே வந்ததும் அதை அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் மாட்டிவிட்டு வேலையில் உட்காருவாள். குரல் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கும். ஒரு முறை புத்தக அட்டவணைக் கார்டுகளை ஒரு பெட்டி முழுக்கத் தப்பாக அடுக்கிவிட்டு, யாரும் திட்டுவதற்கு முன்பே அழுது, அழுதுகொண்டே திரும்ப அடுக்கி முடித்தாள். எல்லாப் புது ஆட்களையும் போலத்தான். தேறி வந்துகொண்டிருந்தார்கள்.

ஒரே ஒரு குறைதான். மத்தியானம் இரண்டு பேரும் வெளியே கிளம்பினால் அரை மணிக்குக் குறைந்து திரும்புவதில்லை. எங்கேதான் போகிறார்கள் என்று சாரநாதன் அலுத்துக்கொள்வார். வருகைப் பதிவில் சிவப்பு மையில் சுழிப்பார்.

சரோஜாதேவிக்கு அவர்கள் போகிற இடம் தெரியும். நாலு தெரு தாண்டி ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே பாஞ்சாலியின் சித்தி தேசம்மா ஆயாவாக இருந்தாள். பின்வாசல் வழியாக இரண்டு பேரையும் உள்ளே விடுவாள். ஆரம்பத்தில் பாஞ்சாலி இவளையும் கூப்பிட்டாள். சரோஜாதேவி, எனக்குப் பழகிவிட்டது என்று சொல்லி மறுத்துவிட்டாள். ஒரு ஆயாவின் தயவில் பின்வாசல் வழியாக நுழைவதா என்று அப்போது உள்ளுக்குள் ஒரு கௌரவம் இருந்தது. அந்தக் கௌரவம் எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தது என்று போன மாதம் பார்த்தோம்.

அன்று மத்தியானம் அவள் முதன்முறையாக மாடிக்குப் போய் அந்தப் பூட்டைத் திறந்தாள்.

சின்ன அறை. கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. வாஷ்பேசின், கண்ணாடி, புது சோப்பு. அலமாரியில் சாரநாதனின் சீப்பு. ஆறு வருஷமாகத் தன் தலைக்கு நேர் மேலே இப்படி ஒரு அறை பூட்டிக் கிடந்திருக்கிறது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். கண்ணீர் எது தண்ணீர் எது என்று தெரியாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

கீழே இறங்கி வரும்போது பாஞ்சாலியும் ஜஹனாராவும் வெயிலில் வேர்த்து விறுவிறுத்து உள்ளே ஓடி வந்தார்கள். சாரநாதன் கடிகாரத்தைப் பார்த்து, பேனாவைத் திறந்தார். அவர் உள்ளே போன பிறகு பாஞ்சாலியின் பார்வை சரோஜாதேவியின் கையிலிருந்த மரக்கட்டையில் நின்றது.

“உள்ள நல்லாக் கீதா மேடம்?”

குத்தல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் சரோஜாதேவிக்கு அதிகமாக வலித்தது. உங்களுக்கு வேண்டும்போது என்னிடம் கேளுங்கள், சாவி தருகிறேன் என்றாள் அவசரமாக.

“வாணாம் மேடம். தெனம் ஒருத்தருகிட்ட கை நீட்டி சாவி கேட்டுக்கினு, அவுங்க மொகத்தப் பாத்துக்கினு போறதுக்கு சித்தி ஆஸ்பத்திரியே தேவல. அங்க யாரையும் கேக்க வாணாம். நீங்க லீவு போட்ட அன்னிக்கு நாங்க இன்னா பண்றது?”

ஜஹனாரா பாஞ்சாலியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பிறகு, யாரும் எதிர்பாராதபடி, அவளே பேசினாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இன்னிக்கு மூணு மணிக்கு மேல எங்களுக்கு அந்தக் கவலையே இல்லாமப் போயிடும். வீட்டுல வாப்பா இப்பவே சொல்லிட்டாங்க. இது போச்சுன்னா இன்னொரு வேலைக்கு அனுப்ப மாட்டாங்களாம்.”

*

கமிட்டி அறையில் நாலு ஆண்கள் இருந்தார்கள். நூலகர், சாரநாதன், இன்னொரு அதிகாரி, தமிழ்த் துறையிலிருந்து ஒரு பேராசிரியர். மேஜைமேல் டீயும் பிஸ்கட்டும் இருந்தன. சரோஜாதேவிக்கும் ஒரு கோப்பை வைத்தார்கள். பழக்க தோஷத்தில் அதை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

சாரநாதன் தன் குறிப்பைப் படித்தார். அந்த இரண்டு பெண்கள்மேல் புகார் என்று ஒன்றும் அதில் இல்லை. வசதி இல்லை, வசதி இல்லை என்று நாலு இடத்தில் இருந்தது. எதற்கு வசதி இல்லை என்று ஓர் இடத்திலும் இல்லை. புதிதாகக் கட்ட அனுமதி வாங்க இரண்டு வருஷமாவது ஆகும் என்று முடித்திருந்தார். பிறகு காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு மனசு விட்டுப் பேசினார்.

“என்னத்துக்குச் சொல்றேன்னா, அந்தக் குழந்தைகள் மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அதுகள் வெயில்ல ஓடிண்டு வரதைப் பார்க்க முடியலை. எல்லாரும் நம்ம சரோஜாதேவி ஆகிட முடியுமா? ஆறு வருஷத்துல இது வேணும் அது வேணும்னு ஒரு நாள், ஒரு நாள் கேட்டிருப்பாளா? இவாளுக்கே தெரியும். கேளுங்கோ.”

நூலகர் அவள் பக்கம் திரும்பினார். இன்னொரு அதிகாரி பிஸ்கட்டை டீயில் தோய்த்தார்.

சரோஜாதேவிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து குடித்தது மாமனார் கொடுத்த அந்த ஒரு டம்ளர் சாறுதான். தான் வாயை மூடிக்கொண்டு பட்ட அவஸ்தை இன்றைக்கு இரண்டு பெண்களை வெளியே தள்ளுகிற சாட்சியாக வந்து நிற்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. நாம் சகித்துக்கொண்டால் நம்மோடு போயிற்று என்றுதான் நினைத்திருந்தாள்.

“நான் கேக்கலைங்கறது நிஜம் சார்” என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். “ஆனா எனக்குத் தேவைப்படாம இல்ல. காலையில வீட்டை விட்டுக் கிளம்பினா சாயங்காலம் வரைக்கும் நான் தண்ணி குடிக்கிறதில்ல. ஆறு வருஷமா. எனக்குத் தாகம் எடுக்காதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு எடுக்கும் சார். போன மாசம் ஆஸ்பத்திரியில படுத்தது அதனாலதான். இங்க பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் இல்ல.”

அந்தச் சொல் மேஜையில் விழுந்ததும் பேராசிரியர் மின்விசிறியைப் பார்த்தார். பிஸ்கட் பாதி கரைந்து கோப்பைக்குள் விழுந்தது. சாரநாதனின் முகம் சிவந்துவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நூலகர்தான் முதலில் பேசினார். இரண்டு வருஷம் ஆகும் என்கிறாரே, அதுவரை என்ன செய்வது என்று கேட்டார். சாதாரணக் குரலில், பஸ் நேரம் கேட்கிறவர் போலக் கேட்டார். அது அவளுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

சரோஜாதேவி மடியிலிருந்த சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“மாடி ரூம் பெண்களுக்குன்னு இருக்கட்டும் சார். ஆபீஸர்ஸ் கீழே போகலாம். அங்க நாலு இருக்கு.”

“ஆபீஸர்ஸ் எல்லாரும் கீழ, பசங்களோடயா?” என்றார் பிஸ்கட்டைப் பறிகொடுத்த அதிகாரி.

“நானும் ஆபீஸர்தான் சார். நான் மேல போறேன்” என்றாள் அவள்.

பேராசிரியர் சிரித்துவிட்டார். நூலகர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை அவள் பக்கமே நகர்த்தினார். பெண்கள் இருவரும் அடுத்த கமிட்டி வரை தொடரட்டும், திங்கட்கிழமை மறுபடி கூடி முடிவெடுப்போம் என்றார்.

“சாவி உங்க பொறுப்புல குடுத்தது. அதை எங்க வைக்கிறீங்கன்னு நான் கேக்கப் போறதில்ல.”

அவள் வெளியே வந்தாள். வராந்தாவில் மண்பானைக்கு மேலே, பழைய காலண்டர் மாட்டிய ஆணி ஒன்று இருந்தது. காலண்டரைக் கழற்றிவிட்டு அதில் சாவியை மாட்டினாள். எடுக்க யாரையும் கேட்க வேண்டாம், திருப்பி மாட்டினால் போதும் என்று பாஞ்சாலியிடமும் ஜஹனாராவிடமும் சொன்னாள். பிறகு டம்ளரைப் பானையில் முக்கி எடுத்து, நின்ற இடத்திலேயே குடித்தாள். இன்னொரு டம்ளர் குடித்தாள். புத்தக வண்டி தள்ளிவந்த பக்கிரி அப்படியே நின்றுவிட்டார்.

“மேடம் தண்ணி குடிக்குது” என்றார் யாரிடமோ.

“குடிக்கட்டுமே நைனா, இன்னாத்துக்கு வேடிக்க பாக்கற” என்றாள் பாஞ்சாலி. வாசகர் கூடம் வரை கேட்டது.

*

வீட்டு வாசலில் நல்லசிவத்தின் செருப்பைப் பார்த்ததும் சரோஜாதேவிக்குத் திக்கென்றது. விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் கடையை விட்டு வருகிறவர் இல்லை. அதிலும் இது முகூர்த்த மாதம்.

கூடத்து நாற்காலியில் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மடியில் கடைச் சாவிக் கொத்து கிடந்தது. தங்கபுஷ்பம் உள்ளறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சாரநாதன் கடைக்கு வந்திருந்தாரு” என்றார்.

அவள் குடையை மாட்டக்கூட மறந்து நின்றாள். சாரநாதன் வேறென்ன சொல்லியிருப்பார். உங்கள் வீட்டுப் பெண் மாதிரியா பேசினாள், சங்கடமாகப் போய்விட்டது, குடும்பத்துக்கு வேண்டியவன் என்பதால் சொல்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பார். அப்படியே சொல்லியிருந்தார். கூடவே இன்னொன்றும். மற்ற அதிகாரிகள் துணைவேந்தருக்கே மனுக் கொடுக்கப் போகிறார்களாம். திங்கட்கிழமைக்குள் அந்த ஆணியும் இருக்காது, சாவியும் இருக்காது என்று பேசிக்கொண்டார்களாம்.

“நாலு ஆம்பளைக இருக்க எடத்துல அந்த வார்த்தையச் சொன்னியாமே.”

“சொன்னேன் மாமா.”

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால், அந்த மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அவரு சொல்லச் சொல்ல எனக்கு அந்த வார்த்தை காதுல ஏறல தாயீ. டாக்டர் கேட்டதுதான் கேட்டுச்சு. தண்ணி குடிப்பாளான்னு உன்னையத்தான கேட்டாரு. நீ வாயத் தெறக்கதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். எங்க வீட்டுல பஞ்சமான்னு பெருமை பேசிக்கிட்டு இருந்திருக்கேன்.”

மாமனாருக்கு முன்னால் அழக் கூடாது என்று எத்தனை வருஷமாக வைத்திருந்த கட்டுப்பாடோ, அந்தக் கூடத்திலேயே உடைந்துபோயிற்று. இதைச் சொல்ல வெட்கப்பட்டேன் மாமா என்று விசும்பினாள். வெட்கப்பட வேண்டியது அவள் இல்லை என்று நல்லசிவத்துக்குத் தெரிந்துவிட்டது. அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தார்.

தங்கபுஷ்பம் அப்போதுதான் பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள்.

“அப்பா. நம்ம கடை பின்கட்டுல ஒரு ரூம் இருக்குல்லா. அம்மா கடைக்கு வந்து உக்காந்த காலத்துல அம்மாவுக்குன்னு கக்கூஸோட கட்டுனது. இப்ப காலி அட்டைப்பெட்டியப் போட்டுப் பூட்டி வச்சிருக்கீங்க.”

நல்லசிவம் மகளை வெறித்துப் பார்த்தார். கையில் சொம்பு அப்படியே இருந்தது. கடையில் வசதி இல்லை என்று ஒரு வாரமாக அவர் சொல்லிக்கொண்டிருந்தது பொய் என்று அவருக்கே இந்த நிமிஷம் வரை தெரியாது. மனைவியோடு அந்த அறையையும் மறந்துவிட்டிருந்தார்.

சொம்பை மருமகளிடம் நீட்டிவிட்டு, நாற்காலியில் கிடந்த சாவிக் கொத்தை எடுத்தார். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு கொத்தோடு மகள் கையில் வைத்தார்.

“அந்த ரூம் சாவி இதுல எதுன்னு எனக்கு ஞாபகம் இல்ல. காலையில கடை தெறக்கையில நீயும் வா. போட்டுப் பாரு. பூட்டு துரு ஏறிக் கெடக்கும், எண்ணெய் எடுத்துக்க.”

தங்கபுஷ்பம் கொத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

நூலகத்து வராந்தாவில் அந்தச் சாவி இப்போதும் ஆணியில்தான் இருக்குமா என்று சரோஜாதேவி நினைத்துக்கொண்டாள். திங்கட்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. சொம்பைத் தூக்கி அண்ணாந்து, கழுத்தெல்லாம் நனைய, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

“இன்னும் வேணுமா தாயீ?” என்று கேட்டார் நல்லசிவம்.

இந்தத் தடவை அவள் பதில் சொல்கிற வரைக்கும் காத்திருந்தார்.